மேயோ வெல்லாது

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. பாரிசிலிருந்து சிற்றிதழ் நடத்தும் றமேஸ் ஒரு நாள் தொலைபேசியில், "அடுத்தது 'அயலார்' சிறப்பிதழ். இத்தாலிக்காரரைப் பற்றிக் கதை குவிஞ்சு போய்க் கிடக்கு. உன்னட்டை வேறை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார். "என்னட்டை ஒரு ஐரிஷ்காரர் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன், ஏதோ குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறவன் மாதிரி.

என்னிடம் ஒருவரும் இல்லை. நான் இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்தில், நாப்போலிக்குப் போய்வரும் கப்பலின் அறைகளில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவன். அயர்லாந்தை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஐரிஷ்காரர் இருப்பது இராசேஸ்வரி அக்காவிடம். பலேர்மோவில் சீசா என்கிற பகுதியில், லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாத ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில், டோனல் என்கிற எழுபத்தெட்டு வயதுக்காரரை அக்கா நாலு வருடமாகப் பார்த்துக்கொள்கிறா. அவர் கப்பல் எஞ்சினியராக வந்து, பலேர்மோப் பெண்ணைக் கட்டி, இங்கேயே நின்றுவிட்டவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டா. மகள் யூலியானா வடக்கே தொரீனோவில் வேலை.

தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"கடலைப் பார்த்தபடி ஒரு முதியவர் சாய்ந்திருந்தார்." [வெட்டியது. சீசாவிலிருந்து எங்கே கடல்? எதிர்வீட்டுக்காரரின் உடுப்புக் கொடிதான் தெரியும்.]

"அயர்லாந்து ஒரு பச்சை நாடு. அங்கே மழை" [மூன்றாம் வகுப்புக் கட்டுரை. வெட்டியது.]

"டோனலுக்கு உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்."

இது நிற்கட்டும்.

2

டோனலுக்கு உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

காலையில் இராசேஸ்வரி பாண் வாட்டி, பக்கத்துச் சியாகுல்லித் தோட்டத்து மாண்டரின் தோடம்பழ மாமலேட்டைப் பூசி வைப்பாள். [கதைக்குள் 'ள்' போடுகிறேன், வெளியே 'அக்கா'. இதற்காக அக்காவிடம் ஏற்கெனவே ஏச்சு வாங்கியாயிற்று.] டோனல் டப்லெட்டில் ஐரிஷ் வானொலியைப் போடுவார். அந்த நாட்டில் சனங்கள் வானொலிக்குத் தொலைபேசி எடுத்து முறைப்பாடு சொல்வார்களாம், குப்பை வண்டி வரவில்லை என்பதிலிருந்து உலகப் போர் வரைக்கும். டோனல் அவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்வார், நாலாம் மாடியில் இருந்து, கையில் பாணோடு.

டப்ளினில் வீட்டு விலையைக் கேட்டால் வயிறு எரியும் என்பார். படித்த பிள்ளைகள் எல்லாம் தாய் தகப்பனின் வீட்டு மேல்மாடியில் கிடக்குதுகள், இல்லையென்றால் அவுஸ்திரேலியாவுக்கு ஓடிவிட்டதுகள். நூறு வருடத்துக்கு முன்னே உள்நாட்டுப் போரில் ஆளை ஆள் சுட்ட இரண்டு பக்கத்தின் வழிவந்த இரண்டு கட்சிகளும் இப்போது ஒரே மேசையில் இருந்து ஆட்சி நடத்துகின்றன. அப்பா பார்த்திருந்தால் திரும்பச் செத்திருப்பார். பாராளுமன்ற வளவில் சைக்கிள் விட ஒரு கொட்டகை போட மூன்று லட்சம் யூரோவுக்கு மேலே செலவழித்தார்கள். அதைப் பற்றி மட்டும் ஒரு கிழமை பேசினார். வடக்கும் தெற்கும் ஒரு நாள் சேரும், சேரத்தான் வேண்டும், ஆனால் செலவு யார் தலையில்? ரக்பி, பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் விளையாட்டு. ஆனால் இங்கிலாந்தோடு ஆடினால் பார்ப்பார். 2002 உதைபந்து உலகக் கிண்ணம் தொடங்க முன்னமே அயர்லாந்து அணித்தலைவர் பயிற்சியாளரோடு சண்டை பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாரே, அதில் பிழை யாருடையது என்று கேட்டால் இரவுச் சாப்பாடு ஆறும்.

இதெல்லாவற்றுக்கும் இராசேஸ்வரி, இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல், "ஓம், சின்யோரே" என்பாள்.

[இவர்கள் பேசிக்கொள்வது இத்தாலியனில்; 'சின்யோரே' என்றால் ஐயா, 'சின்யோரா' என்றால் அம்மா. டோனலுக்கு எந்தத் தமிழைக் கொடுப்பது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். மதுரைத் தமிழ் கொடுத்துப் பார்த்தேன், சட்டை பெரிதாக இருந்தது. கடைசியில் எங்கள் தமிழையே கொடுத்துவிட்டேன். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்துக்காரர் சாவகச்சேரிக்காரர் போலக் கதைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.]

ஒரே ஒரு 'ஓம்' மட்டும் வேறு மாதிரி வந்தது. வெளிநாட்டுக்காரர் வந்து நாட்டைப் பிடித்துவிட்டார்கள் என்று டப்ளின் தெருவில் கத்துகிறவர்களைப் பற்றி வானொலி சொன்ன நாள். டோனல் பாணைக் கீழே வைத்தார்.

"என்ரை அக்காமார் மூண்டு பேர். ரெண்டு பேர் இங்கிலாந்துக்கு, ஒராள் பொஸ்ரனுக்கு. ஆரிட்டைக் கேட்டுக்கொண்டு போனவை? எங்களைப் போலை ஊர் விட்டு ஊர் ஓடின சனம் உலகத்திலை இல்லை. எங்களுக்கு உந்தக் கதை கதைக்க வெக்கமா இருக்க வேண்டாமோ, சின்யோரா?"

"ஓம், சின்யோரே" என்றாள் இராசேஸ்வரி. அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

3

இப்போது மேயோ.

கேலிக் உதைபந்து என்பது அவர்களுக்கே உரிய ஆட்டம். பந்தைக் கையாலும் எடுக்கலாம், காலாலும் அடிக்கலாம். கவுண்டிக்குக் கவுண்டி, அதாவது மாவட்டத்துக்கு மாவட்டம், மோதும், ஆடுகிறவனுக்குச் சம்பளம் இல்லை. மேயோ, நாட்டின் மேற்குக் கரையில் இருக்கிற டோனலின் கவுண்டி, கடைசியாகக் கிண்ணம் எடுத்தது 1951இல். அதற்குப் பிறகு எத்தனையோ முறை இறுதி ஆட்டத்துக்குப் போய், வாசற்படியில் விழுந்து எழும்பி வந்திருக்கிறது. வென்று வந்த அந்த வருடம் பையன்கள் ஒரு செத்த வீட்டைக் கடக்கும்போது கூத்தும் கும்மாளமுமாகப் போனார்களாம், பாதிரியார் சபித்துவிட்டாராம் என்று ஒரு கதை அங்கே உலாவுகிறது. டோனல் அதை நம்பவில்லை என்பார். நம்பாதவர் மாதத்துக்கு ஒரு தடவை சொல்வார்.

அந்த ஞாயிறு முதற்சுற்று ஆட்டம் ஒன்றில் மேயோ ஒரு புள்ளியால் தோற்றது. அந்த வருடத்துக்கு இன்னும் ஆட்டங்கள் மிச்சம் இருந்தன. கடைசி நிமிடத்தில் எட்டாம் இலக்கக்காரன், நெட்டையன், கம்பத்துக்கு நேரே நின்று அடித்தது வெளியே போனது. டோனல் டப்லெட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"உவங்கள் வெல்லமாட்டாங்கள், சின்யோரா. நான் மண்ணுக்குள்ளை போகும் மட்டும் வெல்லமாட்டாங்கள். ஒண்டுக்கும் உதவாத கூட்டம்."

இராசேஸ்வரி சூப்பை மேசையில் வைத்தாள். மனிசன் நொந்து போயிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. நொந்தவருக்கு எதிர்க்கதை கதைக்கக் கூடாது, அவர் சொல்கிறதோடு சேர்ந்து போக வேண்டும். பருத்தித்துறையில் அவள் வளர்ந்த வீட்டில் அதுதான் பழக்கம். வேலை செய்கிற வீட்டில் அதைவிடக் கூட. அதனால் இந்த முறை வெறும் 'ஓம்' போதாது என்று நினைத்தாள்.

"ஓம், சின்யோரே. வெல்லமாட்டாங்கள். நானும் நாலு வருசமாப் பாக்கிறன். ஒண்டுக்கும் உதவாத பொடியள்."

டோனல் அவளை நிமிர்ந்து பார்த்தார். டப்லெட்டை மூடினார். சூப்பைக் குடித்தார். படுக்கப் போனார்.

மறுநாள் காலை வானொலி போடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

4

றமேசுக்கு இதுவரை வாசித்துக் காட்டினேன்.

"ஒரு பந்தடிக்காக ஒரு மனிசன் வாயை மூடிறதோ?" என்றார். "வாசகர் நம்பாயினம். கனமா ஒரு காரணம் வை."

நானும் சந்தேகப்பட்டேன், பொய் சொல்லவில்லை. அதனால் டோனலுக்கு ஒரு மகனைக் கொடுத்தேன். மேயோவுக்கு விளையாடிய மகன், இளவயதில் விபத்தில் போனவன். இரண்டு பக்கம் கண்ணீர் வர எழுதினேன். இராசேஸ்வரி அக்காவுக்கு அதைத் தொலைபேசியில் வாசித்ததுதான் தாமதம்.

"அந்த மனிசனுக்கு மகனே இல்லை. ஏன் தம்பி ஒரு பிள்ளையைப் பெத்துச் சாக்காட்டுறாய்? உனக்கு வேறை வேலை இல்லையோ?"

மகனைத் திருப்பி எடுத்துவிட்டேன். [அந்த இரண்டு பக்கமும் என்னிடம் இருக்கின்றன. நல்லாகத்தான் வந்திருந்தன.]

பந்தடி என்பது பந்தடி இல்லை, றமேஸ் அண்ணை. ஊரை விட்டு வந்தவனுக்கு ஊரில் வீடு இருக்காது, காணி விற்றிருப்பான், வாக்குப் போட முடியாது. மிச்சம் இருக்கிறது அபிப்பிராயம் ஒன்றுதான். பருத்தித்துறை பஸ் நிலையத்தை எங்கே கட்டியிருக்க வேண்டும் என்று பலேர்மோவில் இருந்துகொண்டு நாங்கள் சண்டை பிடிப்பதில்லையா? அந்த பஸ்ஸில் ஏறப் போகிறோமா? அந்தச் சண்டை நடக்கும் வரைக்கும் அங்கே எங்களுக்கும் ஒரு கதிரை போட்டிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இந்த விளக்கம் எனக்குப் பிறகுதான் வந்தது. அந்தக் கிழமை எங்கள் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இராசேஸ்வரிக்கு அறவே விளங்கவில்லை.

5

யூலியானா தினமும் பின்னேரம் தொலைபேசி எடுப்பாள். முன்பெல்லாம் தகப்பன் அரை மணித்தியாலம் சைக்கிள் கொட்டகையைப் பற்றிக் கதைப்பார், அவள் தொரீனோவில் சமைத்துக்கொண்டே கேட்பாள். இப்போது தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டார். மூன்றாம் நாள் அவள் வைத்தியரை அனுப்பினாள். பாரிசவாதம் இல்லை, காய்ச்சல் இல்லை, கேட்கிறார், விளங்குகிறது. "வயது போனால் சில பேர் இப்படித்தான் ஒடுங்குவார்கள்" என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார்.

யூலியானா கெட்டவள் இல்லை. [கெட்டவளாக ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதியாகத்தான் இருந்தது.] போன மாரியில் தகப்பன் குளியலறையில் விழுந்ததிலிருந்து அவளுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. மலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டாள், இருக்கிறது என்றார்கள். சனிக்கிழமை வருகிறேன், அப்பாவிடம் கேட்டு முடிவெடுப்போம் என்றாள்.

வியாழன் பின்னேரம் இராசேஸ்வரிக்கு ஓய்வு. இந்த நகரத்துத் தமிழர் பலர் செய்வதை அவளும் செய்தாள். சாந்தா ரொசாலியா மலைக்குப் போனாள். சிவனையும் அம்மனையும் கும்பிடுகிற சனம் ஏன் ஒரு கத்தோலிக்கப் புனிதையிடம் போகிறது என்று பத்திரிகைக்காரர் வந்து கேட்பார்கள். கிட்ட இருக்கிறா, கேட்டால் தருகிறா, போகிறோம். அன்றைக்கு நானும் போனேன், விடுமுறை கிடைத்தது. [மன்னிக்கவும், இனி நானும் கதைக்குள் வரவேண்டியிருக்கிறது.]

மலையில் புனிதையின் குகைக் கோயிலுக்குள் அக்கா நெடுநேரம் நின்றா. வெளியே வந்து, "மனிசன் வாய் திறந்தால் செருப்பில்லாமல் நடந்து ஏறுறன் எண்டு நேத்தி வைச்சிட்டன்" என்றா.

"வேலை போயிடும் எண்டு பயமோ அக்கா?"

"வேலை என்ன வேலை. இந்த ஊரிலை கிழடுகளுக்குக் குறைவே? இது போனால் இன்னொண்டு. தம்பி, அந்த இல்லத்திலை ஆருக்குத் தெரியும் இந்த மனிசனுக்கு ரக்பி பிடிக்காதெண்டு? கொண்டுபோய் ரக்பிக்கு முன்னாலை இருத்திவிடுவாங்கள். இவரும் பேசாமல் இருந்து பார்ப்பார். அதை நினைக்க எனக்குப் பத்தி எரியுது."

சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. பேச்சை மாற்றினேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கள் பலேர்மோத் தமிழரின் விளையாட்டு விழாவைப் பற்றிக் கதை வந்தது. இந்த வருடம் இரண்டு சங்கம், இரண்டு விழா, ஒரே நாளில். அக்கா பொரிந்து தள்ளினா. கயிறு இழுக்கிறதுக்குக்கூட எங்கள் ஆட்கள் ஒரு பக்கம் நிற்கமாட்டினம், தலைவர் பதவி என்றால் உயிரை விடுவினம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, கடைசியில் மூச்சு விட்டுச் சொன்னா:

"எங்கடை ஊர்ச் சனம் ஒரு நாளும் உருப்படாது, தம்பி."

நான் களைத்துப்போயிருந்தேன். காலையில் முழுக் கப்பல் விரிப்பும் மாற்றிவிட்டு வந்தவன். "ஓம் அக்கா," என்றேன். "உங்கடை பருத்தித்துறைச் சனம் உருப்படாதுதான்."

அக்கா வாயை மூடினா. பஸ் வந்தது. தனியாகப் போய் முன் இருக்கையில் இருந்தா. மலை வளைவெல்லாம் இறங்கி முடியும் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் என்ன சொன்னேன்? அவ சொன்னதைத்தானே சொன்னேன். எனக்கும் கோபம் வந்தது.

கீழே இறங்கினோம். அக்கா நாலு அடி நடந்து நின்றா. கையை நெஞ்சில் வைத்தா.

"ஐயோ தம்பி. நான் அந்த மனிசனுக்கு இதைத்தானே செய்தனான்."

"எதை?"

"எங்கடை சனம் உருப்படாது எண்டு நான் சொல்லுறது, நீ 'ஓம்' எண்டு சொல்லவோ? 'இல்லை அக்கா, அப்பிடிச் சொல்லாதேங்கோ, அங்கை எத்தினை நல்ல பிள்ளையள் இருக்கு' எண்டு நீ சொல்லவேணும். அதுக்குத்தானே சொல்லுறது. அவர் மேயோ வெல்லாதெண்டார். நான் பெரிய கெட்டிக்காரி, 'ஓம், ஒண்டுக்கும் உதவாத பொடியள்' எண்டிட்டன். நாலு வருசமா ஓம் ஓம் எண்டு அந்த மனிசனைத் தனிய விட்டிட்டன், தம்பி. சுவரோடை கதைச்ச மாதிரி எல்லோ இருந்திருக்கும்."

"அப்ப இனி 'இல்லை' எண்டு சொல்லுங்கோ."

"முதலாளியிட்டையோ? எழுபத்தெட்டு வயது மனிசனிட்டையோ? என்ரை வாயிலை வராது."

அந்தத் தெருமுனையிலேயே பழகிப் பார்த்தோம். நான் டோனல்.

"டப்ளினிலை வீட்டு விலை அநியாயம், சின்யோரா."

"ஓம்–"

"அக்கா."

"இல்லை."

"ரக்பி பணக்காரற்றை விளையாட்டு."

"ஓம். அது உண்மைதானே தம்பி, அதுக்கு என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?"

பழக்கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

6

வெள்ளிக்கிழமை இரவு முடிவுகள் எழுதி வைத்தேன். சனிக்கிழமைக்கு முன்னே கையில் ஏதாவது இருக்கட்டும் என்று.

முதல் முடிவு: சாந்தா ரொசாலியாவின் அருளால் டோனல் காலையில் எழும்பி "சின்யோரா, தேத்தண்ணி" என்கிறார். இராசேஸ்வரி அக்கா: "இல்லை. அவர் எப்பவும் கோப்பிதான் குடிக்கிறவர்."

இரண்டாம் முடிவு: மேயோ கிண்ணத்தை வெல்கிறது. அக்கா: "இல்லை. அதுக்கு இன்னும் ஆட்டம் கிடக்கு. விளையாடாத ஆட்டத்தை நீ எப்பிடி வெல்லுவாய்?"

மூன்றாம் முடிவு: கடற்கரை, சூரியன் மறைகிறது, டோனலும் இராசேஸ்வரியும் பேசாமலே ஒருவரையொருவர் விளங்கி— "இல்லை, தம்பி. பேசாமல் என்னத்தை விளங்கிறது?"

தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்குப் பட்டது. அக்கா என்னிடம் எத்தனை இலகுவாக 'இல்லை' சொல்கிறா. அந்த அளவுக்கு நான் சொந்தம். உடனே திரும்ப எடுத்து அதைச் சொன்னேன். "சரி, படு" என்றா அக்கா.

7

சனிக்கிழமை நடந்ததை அக்கா அன்று பின்னேரமே சொன்னா. இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை. கொஞ்சம் கூட்டினேன்.

யூலியானா மத்தியானம் வந்தாள். இராசேஸ்வரி மத்தி மீன் பாஸ்தா செய்திருந்தாள். சாப்பிட்டு முடிய மகள் இல்லத்தின் படங்களைத் தகப்பனுக்கு முன்னால் வைத்தாள். தோட்டம். வெயில் விழுகிற ஒரு அறை. எல்லோரும் வட்டமாக இருந்து பார்க்கிற பெரிய தொலைக்காட்சி.

"அப்பா, நான் கட்டாயப்படுத்தேல்லை. இஞ்சை நாலாம் மாடியிலை லிஃப்டும் இல்லாமல் நீங்கள் அடைஞ்சு கிடக்கிறீங்கள். அங்கை தாதிமார் நிப்பினம். கதைக்க ஆக்கள் இருப்பினம். நல்லதுதானே?"

டோனல் படத்தைப் பார்த்தார். தலையை மெல்ல மேலும் கீழும் ஆட்டினார்.

"அப்ப உங்களுக்குச் சம்மதம்?"

திரும்ப ஆட்டினார்.

இராசேஸ்வரி கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். அந்தத் தலையாட்டலை அவளுக்குத் தெரியும். அது அவளுடையது. நாலு வருடமாக இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால் நின்று அவள் ஆட்டியது. மனிசன் அதைப் பழகிவிட்டார்.

"இல்லை" என்றாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். யூலியானா, "என்ன இல்லை, சின்யோரா?" என்று கேட்டாள். தெருமுனையில் இந்தப் பகுதியை நாங்கள் பழகவில்லை. இராசேஸ்வரி கையில் கோப்பைகளோடு நின்றபடி, மகளுக்கு அல்ல, டோனலுக்குச் சொன்னாள்:

"மேயோ இந்த வருசம் வெல்லும், சின்யோரே."

டோனல் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். தொண்டையைச் செருமினார். ஆறு நாள் பாவிக்காத குரல், கதவு மாதிரிக் கிறீச்சிட்டது.

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்."

"எதை வைச்சுச் சொல்லுறீங்கள்?"

"அந்த எட்டாம் நம்பர் நெட்டையன். போன கிழமை விட்டதை அவன் இந்த முறை பிடிப்பான்."

"அவனோ?" டோனல் கதிரையை முன்னே இழுத்தார். "அவன் அடிச்சால் முன்னாலை நிக்கிற கதவிலைகூடப் பந்து படாது, சின்யோரா. உங்களுக்கு உதைபந்தைப் பற்றி என்ன தெரியும்?"

"நாலு வருசம் பாத்தனான். நீங்கள் சொல்லுறது பிழை."

"பிழையோ?"

"பிழை. அவன் நல்ல பொடியன். நீங்கள் கண்டபடி ஏசுறீங்கள்."

அதன் பிறகு அவரை நிறுத்த ஆளில்லை. 1951இல் தகப்பன் தன்னைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் ஆடியதிலிருந்து தொடங்கினார். நாலு வயது, தோளில் இருந்தது மட்டும்தான் ஞாபகம், கிண்ணம் ஞாபகம் இல்லை என்றார். புதிதாக வந்த ஆட்ட விதிகள் விளையாட்டைக் கெடுத்துவிட்டன என்றார். "இல்லை, இப்பத்தான் பாக்க நல்லா இருக்கு" என்றாள் இராசேஸ்வரி. அவர் மேசையில் தட்டினார். அரசாங்கத்துக்கு வந்தார், சைக்கிள் கொட்டகைக்கு வந்தார். இராசேஸ்வரிக்கு அதற்குள் கை வந்துவிட்டது.

"அது அவ்வளவு விலை இல்லை, சின்யோரே. இஞ்சை கட்டியிருந்தால் காசும் போயிருக்கும், கொட்டகையும் வந்திராது."

டோனல் சிரித்தார். சிரித்து, புரையேறி, தண்ணீர் குடித்து, "பலேர்மோவை அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றார். யூலியானா படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

[கதையை இங்கே முடிக்கலாம். றமேஸ் இங்கே முடிக்கச் சொல்கிறார். ஆனால் அக்கா இங்கே நிறுத்தவில்லை.]

அப்பா படுத்த பிறகு யூலியானா குசினிக்குள் வந்தாள். "நன்றி, சின்யோரா" என்று கட்டிப்பிடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இண்டைக்குக் கதைச்சிட்டார். ஆனா அந்த இடத்தை நாளைக்குக் காலமை வரைக்கும்தான் வைச்சிருப்பினம். விட்டால் எப்ப கிடைக்குமோ தெரியாது. உங்களுக்கும் அறுபது வருகுது. திரும்ப விழுந்தால், லிஃப்டும் இல்லாமல், நீங்கள் தனிய அவரைத் தூக்குவீங்களோ?"

அன்றைக்கு முழுக்க 'இல்லை' சொன்ன இராசேஸ்வரி கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். அவளாலும் அவரைத் தூக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

8

இப்போது ஞாயிறு காலை. யூலியானா இல்லத்துக்குப் பதில் சொல்கிற நேரம். அக்காவுக்கு எடுத்தேன், மணி போகிறது, எடுக்கவில்லை. நேத்திக்காக வெறுங்காலோடு மலை ஏறிக்கொண்டிருக்கலாம். அல்லது டோனலின் பெட்டியை அடுக்கிக்கொண்டிருக்கலாம். சமையலறையில் நின்று ஏதோ ஒரு பந்துக்காக வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டும் இருக்கலாம். றமேஸ் மத்தியானத்துக்குள் கதை வேண்டும் என்கிறார். அருமையான முடிவு ஒன்று வை, வாசகருக்கு மனம் ஆறவேண்டும் என்கிறார்.

நான் எழுதியவன். முடிவு சொல்கிற உரிமை எனக்குத்தான். கேளுங்கள்.

டோனலைக் கொண்டுபோய்விடுவார்கள். அந்த மகள் பயந்துபோயிருக்கிறாள், பயந்தவர்கள் இடத்தை விடமாட்டார்கள். பெரிய தொலைக்காட்சிக்கு முன்னால் அவரை இருத்தி ரக்பியைப் போடுவார்கள், அவரும் பேசாமல் பார்ப்பார். அக்கா வேறு ஒரு வீட்டில் வேறு ஒரு மனிசனுக்கு 'ஓம்' சொல்லப் போய்விடுவா. எட்டாம் இலக்கக்காரன் திரும்பவும் வெளியே அடிப்பான். மேயோ வெல்லாது. எங்கள் சனமும் உருப்படாது. இந்தக் கதையும் ஒன்றுக்கும் உதவாத கதை.

என்ன, நீங்களும் 'ஓம்' என்று தலையாட்டுகிறீர்கள்?